ஊர் மைதானமும் வெளியூர்ப் போட்டியும்: நம் பிள்ளைகளின் விளையாட்டைக் குறித்து

கடந்த கோடை விடுமுறையின் தொடக்கத்தில், கும்மிடிப்பூண்டியில் ஒரு வீட்டில் அன்பியக் கூட்டத்திற்காகக் கூடியிருந்தோம். அந்த வீட்டுத் தந்தை சிப்காட் வளாகத்தில் ஓர் இரும்பு உருட்டு ஆலையில் ஷிப்ட் முறையில் வேலை செய்கிறார். தாய் வீட்டிலிருந்தபடியே தையல் வேலை பார்க்கிறார். ஒரு மகள், ஒரு மகன். செபம் முடிந்து தேநீர் அருந்தும்போது தாய் இரண்டு தாள்களை எடுத்து வந்து காட்டினார்.

ஒன்று, நம் பங்கு இளைஞர்கள் அச்சடித்த கோடைக்காலக் கால்பந்துப் போட்டியின் நோட்டீஸ். மற்றொன்று, அவருடைய பன்னிரண்டு வயது மகன் பயிற்சி பெறும் ஓர் அகாடமியிலிருந்து வந்த கடிதம். பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் அணிக்கு மகன் தேர்வு செய்யப்பட்டிருப்பதாகவும், வெளிமாநிலத்தில் ஐந்து நாள் நடைபெறும் 'தேசிய' போட்டிக்குச் செல்ல ரயில் கட்டணம், தங்குமிடம், சீருடை, நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரம் ரூபாயைப் பத்து நாளுக்குள் கட்ட வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. இரண்டு நிகழ்ச்சிகளும் ஒரே வாரத்தில் வந்தன.

"இது பெரிய இடத்துக்குப் போற வழியாண்ணா, இல்ல காசு வாங்குற வேலையா? எங்களுக்கு ஒண்ணும் புரியல" என்று அவர் கேட்டார். தந்தை ஒன்றும் பேசவில்லை. மகளின் கல்லூரிச் சேர்க்கைக்காகச் சேர்த்து வைத்திருந்த சீட்டுப் பணம் அடுத்த மாதம் கைக்கு வர இருந்தது. அதைத்தான் எல்லாரும் மனதில் வைத்திருந்தார்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அன்று எங்களால் பதில் சொல்ல இயலவில்லை. விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுச் சொல்கிறோம் என்று எழுந்து வந்தோம். கேட்டு அறிந்தவற்றை, இதே கேள்வியோடு இருக்கும் மற்றப் பெற்றோருக்கும் உதவும் என்று எண்ணி இங்கே எழுதுகிறோம்.

முதலில், இரண்டும் ஒரே விளையாட்டுதான். அதே பந்து, அதே கோல் கம்பம். ஆனால் இரண்டும் வெவ்வேறு நோக்கத்திற்காக நடப்பவை. ஊர் மைதானத்தில் யார் வந்தாலும் ஆடலாம். கோடையில் வற்றிப்போன ஏரியிலும், தண்டவாளத்தை ஒட்டிய காலி மனையிலும், ஆலயத்தின் பின்புறத் திடலிலும் நம் பிள்ளைகள் ஆடுவது இந்த ஆட்டம். எட்டு வயதுக்காரனும் பதினாறு வயதுக்காரனும் ஒரே அணியில் இருப்பார்கள். ஆலை வேலைக்காகப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள் மொழி தெரியாமலே வந்து சேர்ந்துகொள்வார்கள். மிகச் சிறியவன் ஒருவன் அழுதுகொண்டு நின்றால் அவனையும் 'ஒப்புக்குச் சப்பாணி' என்று ஏதாவது ஒரு பக்கம் சேர்த்துக்கொள்வார்கள். அவன் அடித்தாலும் கணக்கில்லை, விட்டாலும் கணக்கில்லை. ஆனால் அவனுக்கும் ஓர் இடம் உண்டு. நாம் எல்லாரும் ஒரு காலத்தில் அப்படி ஒப்புக்குச் சப்பாணியாக இருந்தவர்கள்தாமே!

இந்த ஆட்டத்தையே ஒழுங்குபடுத்தி, வயது பிரித்து, வார இறுதிகளில் உள்ளூருக்குள் நடத்தினால் அது பொழுதுபோக்கு லீக் ஆகிறது. அமெரிக்காவில் 1939-ம் ஆண்டு பென்சில்வேனியாவில் தொடங்கப்பட்ட லிட்டில் லீக் பேஸ்பால் இதற்குப் பெயர் பெற்ற எடுத்துக்காட்டு. அந்தந்தப் பகுதியில் வசிக்கும் பிள்ளைகள் அந்தந்தப் பகுதி லீக்கில் ஆடுவார்கள். அணியில் உள்ள ஒவ்வொரு பிள்ளையையும் ஒவ்வோர் ஆட்டத்திலும் குறைந்த அளவாவது களத்தில் இறக்கியே ஆக வேண்டும் என்று விதியே இருக்கிறது. நம் நாட்டிலும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2018-ல் 'கோல்டன் பேபி லீக்' என்ற பெயரில் இத்தகைய சிறுவர் லீக்குகளைத் தொடங்கியது. பின்னர் அது 'ப்ளூ கப்ஸ்' என்று பெயர் மாறியது. பன்னிரண்டு வயது வரையுள்ள ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சிறிய களத்தில், குறைந்த ஆட்களோடு, நிறையப் பந்தைத் தொட்டு ஆட வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

வெளியூர்ப் போட்டிக்குச் செல்லும் அணி வேறு வகை. அங்கே பிள்ளை வந்து சேர்வதில்லை, பிள்ளையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாற்பது பேர் வந்தால் பதினாறு பேரை எடுப்பார்கள். எடுத்த பதினாறிலும் ஐந்து பேர் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருப்பார்கள். பயிற்சியாளருக்குச் சம்பளம் உண்டு. ஆண்டு முழுவதும் பயிற்சி உண்டு. உள்ளூரில் சமமான எதிரணி கிடைக்காததால் அதைத் தேடி வெளியூர் போக வேண்டும். அமெரிக்காவில் இதை 'டிராவல் டீம்' என்றே அழைக்கிறார்கள். அங்கே குடும்பங்கள் சனி, ஞாயிறு முழுவதையும் நெடுஞ்சாலையிலும் விடுதி அறையிலும் கழிக்கின்றன. நம் ஊரில் அந்தப் பெயர் இல்லாவிட்டாலும், கடந்த சில ஆண்டுகளாக அகாடமிகள் வழியாக அதே வழக்கம் நம் வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது.

இது தவறு என்று சொல்ல நாங்கள் வரவில்லை. திறமையுள்ள பிள்ளைக்குத் தன்னைவிட வலிமையான எதிராளி தேவை. ஊரிலேயே எல்லாரையும் வென்றுகொண்டிருப்பவன் அங்கேயே நின்றுவிடுவான். சென்னை கண்ணகி நகரில் கபடி ஆடிய கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்திய மகளிர் அணியோடு தங்கம் வென்று வந்தார். பயணம் செய்யாமல் அது நடந்திருக்காது. கன்னியாகுமரிக் கடற்கரையின் மீனவப் பங்குகளில் திருவிழாவையொட்டிக் கால்பந்துப் போட்டி நடத்துவது பழைய வழக்கம். அந்தக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக்கில் ஜாம்ஷெட்பூர், கொல்கத்தா அணிகளுக்காக ஆடினார். கடற்கரை மணலிலேயே நின்றிருந்தால் அவரை நாடு அறிந்திருக்காது.

ஆனால் அந்தப் பயணத்திற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். உலகச் சதுரங்க வாகையர் குகேஷ் சென்னைப் பிள்ளை. அவர் வெளிநாட்டுப் போட்டிகளுக்குச் செல்லத் தொடங்கியபோது, காது மூக்கு தொண்டை மருத்துவரான அவருடைய தந்தை தம் மருத்துவத் தொழிலை நிறுத்திவிட்டு மகனோடு பயணம் செய்தார். தாயின் வருமானத்தில் குடும்பம் நடந்தது. பெற்றோரின் நண்பர்கள் பண உதவி செய்ததைக் குகேஷே பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 18. அந்த வெற்றியைக் கண்டு நாம் எல்லாரும் மகிழ்ந்தோம். ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது தாயும் தந்தையும் வருமானம் ஈட்டிய வீடு. அவர்களுக்கே அது ஒரு வருமானத்தை முழுதாக விட்டுக்கொடுக்கும் அளவுக்குக் கனமாக இருந்தது. ஷிப்டுக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை என்ற வீட்டில் அதே கணக்கு எப்படி நிற்கும்?

பதினெட்டாயிரம் என்பது ஒரு போட்டிக்கான தொகைதான். அதற்கு முன்பே மாதக் கட்டணம், பூட்ஸ், இரண்டு ஜோடிச் சீருடை இருக்கின்றன. கும்மிடிப்பூண்டியிலிருந்து புறநகர் ரயிலில் சென்னை சென்ட்ரல் சேர ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். திரும்பி வரவும் அவ்வளவு நேரம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தனியே அனுப்ப முடியாது என்பதால் தாயும் உடன் செல்கிறார். தையல் நின்றுபோகிறது. அந்த மாலைகளில் வீட்டில் சமைப்பது மகள். அகாடமிக் கடிதத்தில் இந்தச் செலவுகள் எதுவும் இராது. மகனுடைய விளையாட்டிற்கு அக்காவும் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறாள் என்பதை அன்று அந்த வீட்டில் நாங்கள் கண்டோம். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லாததால்தான் பெரியவர்கள் கேட்க வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெளியூர்ப் போட்டிகளின் இறுதி ஆட்டம் பெரும்பாலும் ஞாயிறு காலையில்தான். சில மாதங்கள் தொடர்ந்தால் திருப்பலியும் மறைக்கல்வியும் நின்றுபோகின்றன. முதலில் வருத்தமாக இருக்கும், பிறகு பழகிவிடும். இதில் பிள்ளையைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. கால அட்டவணையை அவன் போடவில்லை. சனி மாலைத் திருப்பலி ஞாயிறு கடமையை நிறைவேற்றும் என்பதைப் பல பெற்றோர் அறியாதிருக்கிறார்கள். போட்டி நடக்கும் ஊரில் ஆலயம் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்து அழைத்துச் செல்லும் ஒரு தந்தையை எங்களுக்குத் தெரியும். அது முடியாத செயல் அல்ல. விளையாட்டைக் குறித்து வத்திக்கான் 2018 ஜூன் 1-ம் நாள் வெளியிட்ட ஆவணம், விளையாட்டை மனிதருக்கு நன்மை தருவதாக மனமார வரவேற்கிறது. அதே ஆவணம், உடலை வெறும் கருவியாகக் கருதுவதையும் ஊக்கமருந்தையும் ஊழலையும் பெயர் சொல்லிக் கண்டிக்கிறது.

உடலைப் பற்றி மருத்துவர்கள் சொல்வதும் நாம் கேட்க வேண்டியதே. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு 2016-ல் தந்த அறிவுரையின்படி, ஒரே விளையாட்டில் முழுதாக இறங்குவதைப் பெரும்பாலான விளையாட்டுகளில் 15, 16 வயது வரை தள்ளிப்போடுவது நல்லது. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு வேண்டும். ஆண்டில் மொத்தம் மூன்று மாதமாவது அந்த விளையாட்டிலிருந்து விலகியிருக்க வேண்டும். நார்வே நாட்டிலோ பதினொரு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் போட்டிகளுக்குப் புள்ளிப் பட்டியலே வெளியிடக் கூடாது என்பது விதி. பதின்மூன்று வயதுக்கு முன் தேசியப் பட்டப் போட்டி கிடையாது. குளிர்கால ஒலிம்பிக்கில் பதக்கங்களை அள்ளிச் செல்லும் நாடு அது. பன்னிரண்டு வயதில் 'தேசிய' போட்டியைத் தவறவிட்டால் வாழ்வே போயிற்று என்று நம்மிடம் சொல்பவர்களுக்கு இதை நினைவூட்டலாம்.

தேசிய என்ற அந்தச் சொல்லைத்தான் நாங்கள் மிகவும் விசாரித்தோம். இதில் பல குடும்பங்கள் ஏமாந்திருக்கின்றன. நம் மாநிலத்தில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரிச் சேர்க்கையிலும் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. இதை நம்பித்தான் பெற்றோர் கடன் வாங்குகிறார்கள். ஆனால் கோப்பையும் பதக்கமும் சான்றிதழும் கொடுத்துவிட்டால் மட்டும் அது ஒதுக்கீட்டிற்குச் செல்லாது. போட்டியை நடத்தியவர்கள் அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தினராக இருக்க வேண்டும். கால்பந்து என்றால் மாவட்டச் சங்கம், அதற்கு மேல் தமிழ்நாடு கால்பந்துச் சங்கம், அதற்கு மேல் அகில இந்தியக் கூட்டமைப்பு என்று ஒரு வரிசை இருக்கிறது. பள்ளி வழியாக என்றால் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகச் செல்ல வேண்டும். இந்த வரிசையில் எங்கும் இல்லாத ஒருவர், பெயரில் 'இந்தியா' என்றோ 'இன்டர்நேஷனல்' என்றோ சேர்த்துக்கொண்டு, பணம் கட்டிய அணிகளையெல்லாம் ஒரே இடத்தில் கூட்டி ஆடவிட்டால், ஆட்டம் உண்மையாகவே நடக்கும், பிள்ளையும் வியர்க்க வியர்க்க ஆடுவான், ஆனால் அந்தத் தாள் பின்னாளில் எந்த மேசையிலும் செல்லாது. தேர்வு என்ற பெயரில் வந்த எல்லாரையும் எடுத்துக்கொண்டால் அது தேர்வு அல்ல, டிக்கெட் விற்பனை.

நாங்கள் அந்தத் தந்தையிடம் சொன்னது இதுதான். திருவள்ளூரில் மாவட்ட விளையாட்டு அலுவலர் இருக்கிறார். கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரில் போய், இந்தப் போட்டியை நடத்துபவர்கள் எந்தச் சங்கத்தின் கீழ் வருகிறார்கள் என்று கேளுங்கள். மகன் எத்தனை நிமிடம் களத்தில் ஆடுவான் என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். இரவில் பிள்ளைகளோடு யார் தங்குகிறார்கள் என்று கேளுங்கள். பெண் பிள்ளைகள் என்றால் பெண் பொறுப்பாளர் இல்லாமல் அனுப்பவே வேண்டாம். பணம் கட்டியதற்கு ரசீது கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பவரிடம் பிள்ளையை ஒப்படைக்க வேண்டியதில்லை.

பணம் கட்டாமல் மேலே செல்லும் வழிகளும் இருக்கின்றன. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பள்ளி மாணவர்கள் மாவட்ட அளவிலிருந்து தொடங்கி ஆடலாம். 1992-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் விளையாட்டு விடுதிகளில் தேர்வு பெறும் பிள்ளைகளுக்குத் தங்குமிடம், உணவு, பயிற்சி எல்லாம் இலவசம். பள்ளிப் படிப்பும் தொடரும். அங்கேயும் தேர்வு கடினம்தான். ஆனால் அங்கே பார்ப்பது ஆட்டத்தை.

நடராஜனின் கதையை நம் இளைஞர்கள் எல்லாரும் அறிவர். ஆனாலும் அதில் ஒரு பகுதியைப் பெற்றோர் கவனிப்பதில்லை. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் இருபது வயது வரை அவர் ஆடியது டென்னிஸ் பந்துக் கிரிக்கெட். அகாடமி இல்லை, வயதுப் பிரிவு அணி இல்லை. தாய் சாலையோரத்தில் கடை வைத்திருந்தார். அதன் பிறகுதான் சென்னைக்கு வந்து லீக் ஆட்டங்களில் சேர்ந்தார். 2017-ல் ஐ.பி.எல். ஏலத்தில் 3 கோடி ரூபாய்க்கு எடுக்கப்பட்டார். 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்காக ஆடினார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆட்டத்திலும் இறங்கினார். எல்லாருக்கும் இப்படி வாய்க்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆயிரத்தில் ஒருவருக்கும் வாய்க்காது. ஆனால் ஊர் மைதானம் அவரை வீணாக்கவில்லை. அதை அவரும் மறக்கவில்லை. 2023-ல் தம் சொந்த ஊரிலேயே ஒரு மைதானம் அமைத்துக் கொடுத்தார்.

இங்கே நம் பங்கின் பொறுப்பும் வருகிறது. தொழிற்பேட்டை வளர வளரக் காலி மனைகள் குறைகின்றன. ஏரிக்கரையில் வேலி வருகிறது. புனித தொன் போஸ்கோ 1841-ல் தூரின் நகரில் தம் பணியைத் தொடங்கியபோது அவரிடம் வந்தவர்கள் கிராமங்களிலிருந்து வேலை தேடி நகருக்கு வந்த கொத்து வேலைப் பையன்களும் புகைபோக்கி சுத்தம் செய்யும் பையன்களும்தான். ஞாயிறு அன்று அவர்களுக்குத் திருப்பலி, மறைக்கல்வி, அத்தோடு ஓடியாட ஒரு முற்றம். அந்த முற்றத்தில் யாரையும் தேர்வு செய்யவில்லை. கும்மிடிப்பூண்டியின் இன்றைய நிலை அன்றைய தூரினுக்கு வெகு தூரமில்லை என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

இன்னும் ஒன்று. நம் பகுதியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் நன்றாக ஆடுபவர்கள் உண்டு. வெளியூர் அணி என்றால் அவர்களுக்குப் பணத்தோடு ஆவணங்களும் முகாமின் வருகைப் பதிவும் தடையாக வந்து நிற்கின்றன. அவர்களுக்கு எந்தத் தாளும் கேட்காமல் இடம் தருவது உள்ளூர் ஆட்டம் ஒன்றுதான்.

அந்தக் குடும்பத்தின் கதைக்கு வருவோம். தந்தை இரவு ஷிப்ட் முடித்து, தூங்காமலே திருவள்ளூர் சென்று விசாரித்தார். போட்டியை நடத்தியவர்கள் எந்தச் சங்கத்தின் கீழும் வரவில்லை. பணம் கட்டவில்லை. மகன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. அவனோடு பயிற்சி பெற்ற நால்வர் ரயிலேறிப் போனதை அவன் பார்த்திருந்தான். அந்த வருத்தத்தை எந்த விளக்கமும் ஆற்றவில்லை என்பதை நாங்கள் மறைக்கப் போவதில்லை.

பங்குப் போட்டியில் இந்த ஆண்டு இளைஞர்கள் இரண்டு விதிகளைச் சேர்த்திருந்தார்கள். பெயர் கொடுத்த ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஆட்டத்திலும் பத்து நிமிடமாவது ஆட வேண்டும். ஞாயிறு ஆட்டங்கள் இரண்டாம் திருப்பலி முடிந்த பின்பே தொடங்கும். மூன்றாம் நாள் மாலை அந்தப் பையன் தானாகவே வந்து ஓர் அணியில் சேர்ந்தான். அவன் அணி அரையிறுதியில் தோற்றது. அவனுடைய அக்கா கோட்டோரத்தில் நின்று நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அவன் இப்போது காலையில் ஓடிப் பழகுகிறான். தேர்வு நாளில் ஷிப்ட் மாற்றிக்கொள்வது பற்றித் தந்தை சூப்பர்வைசரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.